அவள் பாய்லருக்கு அவன் போட்ட கரி

தன் பாய்லருக்குத் தானே கரி போடக்கூடாது. கிராஞ்சி நீராவிச் சங்கத்தில் கண்டிப்பான சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான். தாமதமாக வரலாம், வேலை செய்யாமல் வாய் பேசியே பொழுதை ஓட்டலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் புதுப் பாய்லரை எஞ்சினில் ஏற்றி முதன்முதலாகச் சுமை இழுக்கவிட்டுப் பார்க்கும் நாளில், அதைச் செய்த ஆள் தள்ளிப்போய் நிற்கவேண்டும். கரிக்கரண்டி இன்னொருவர் கைக்குப் போய்விடும். செய்தவன் கையிலேயே கரண்டியைக் கொடுத்தால், அதற்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்து தடவிக்கொடுத்தே ஓட்டிவிடுவான், பாய்லரின் யோக்கியதை கடைசிவரை யாருக்கும் தெரியாது என்பார் சங்கத் தலைவர் மாணிக்கம்.

மாணிக்கத்துக்கு அங்கே செடி வியாபாரம். பூந்தொட்டி வரிசைகளுக்கு நடுவே தோட்டத்தைச் சுற்றி, ஒரு சாண் அகலத்தில் தண்டவாளம் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் ஓடும் ரயில் எஞ்சின்கள் பொம்மைகள் இல்லை. இடுப்பு உயரம்கூட வராது என்றாலும் நிஜமான கரி, நிஜமான நீராவி, தொட்டால் தோல் உரியும். பின்னால் பெட்டிகள்மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு ஆட்கள் உட்கார்ந்து போகலாம்.

அந்த வருடம் சங்கத்தார் எல்லாரும் சேர்ந்து ஒரு புது எஞ்சின் கட்டினார்கள். சக்கரம், சிலிண்டர், அடிச்சட்டம் எல்லாம் ஒன்று. பாய்லர் மட்டும் இரண்டு. ஒன்று கதிரேசன் செய்தது, மற்றது நிரஞ்சனா செய்தது. எந்தப் பாய்லர் தண்டவாளத்தில் வரும் மேட்டில் அதிகச் சுமையை இழுக்கிறதோ அது எஞ்சினில் நிரந்தரமாக ஏறும். செய்தவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்துப் பக்கவாட்டில் பதிப்பார்கள். தோற்றது கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடக்கும்.

கதிரேசனுக்கு அந்தப் பித்தளைத் தகடு வேண்டியிருந்தது. வேறு எதுவும் அந்த அளவுக்கு அவனுக்கு வேண்டியிருந்ததில்லை.

அவனும் நிரஞ்சனாவும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. இரண்டாம் வருடத்தில் அவன் நின்றுவிட்டான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து போகப் பிடிக்கவில்லை. அவள் முடித்தாள், பல்கலைக்கழகம் போனாள், ஜூரோங் தீவில் ஓர் ஆலையில் எஞ்சினியர் ஆனாள், பொங்கோலில் கடலைப் பார்த்த வீடு வாங்கினாள். அவன் துவாஸில், மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் ஆலை ஒன்றில் இரவு ஷிஃப்ட்டில் பாய்லர் பார்க்கிறான். பகலில் ஃபேரர் பார்க்கில் ஒரு வாடகை அறையில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறான். அந்த ஆலை பாய்லரில் நெருப்பே கண்ணில் படாது. பட்டனை அமுக்கினால் கேஸ் எரியும், திரையில் எண் மாறும், அவ்வளவுதான். நெருப்பைப் பார்க்கத்தான் அவன் கிராஞ்சிக்குப் போனான். அங்கே கரி போடுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஊரில் அவனுக்கென்று இருந்த ஒரே இடம் அது.

அந்த இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவனும் அவனேதான். தேக்காவில் காய்கறிக் கடையில் தற்செயலாகப் பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறாய் என்று கேட்டாள். பெருமைக்குச் சொல்லிவைத்தான். அடுத்த ஞாயிறே வந்து நின்றாள். கரண்டி பிடிக்க அவன்தான் கற்றுக்கொடுத்தான். நெருப்பு தோசை மாதிரி மெல்லிசாக இருக்கவேண்டும், கனமாகப் போட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினான். அவளும் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பிறகு ஒருநாள், தானும் ஒரு பாய்லர் செய்யப்போவதாகச் சாதாரணமாகச் சொன்னாள். அவனுக்கு அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் அப்புறம் அணையவே இல்லை.

இரண்டு பாய்லரும் இரண்டு ஜாதி. கதிரேசன் செய்தது, சங்கத்தின் பழைய எஞ்சின்களில் இருப்பதுபோல அகலமான, ஆழமில்லாத நெருப்பறை. பின்சக்கரங்களுக்கு மேலே பரந்து உட்காரும். கரியைப் பரப்பிவிட்டால் எல்லா இடமும் ஒரே சீராக எரியும். நிரஞ்சனா செய்தது ஒடுக்கமும் ஆழமும். எஞ்சினின் அடிச்சட்டங்களுக்கு நடுவே உள்ளே இறங்கித் தொங்கும். அடியிலுள்ள கம்பித்தட்டு முன்பக்கமாகச் சரிந்திருக்கும். உள்ளே செங்கல்லில் சின்ன வளைவு ஒன்று. தீ நேராகத் தண்ணீரைச் சுடவைக்கும் குழாய்களுக்குள் ஓடிவிடாமல் பின்னால் திரும்பி, மேலே ஏறி, நன்றாக எரிந்து தீர்ந்த பிறகே போகவேண்டும் என்பதற்காக.

"என்ன இது, கிணறு தோண்டி வச்சிருக்க?" என்று கேட்டான், அதை முதலில் பார்த்தபோது.

"உன்னோடது தோசைக்கல்லு. அதுல கிணறு இருக்குமா?" என்றாள் அவள், தாமிரத் தகட்டைத் தேய்த்துக்கொண்டே.

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

முதல் சோதனை அவன் பாய்லருக்கு. சட்டப்படி கரண்டி நிரஞ்சனா கையில். சுமைக்கு மாணிக்கத்தின் கடை மண்மூட்டைகள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மூட்டை கூட்டுவார்கள். மேட்டில் ஏறும்போது பிரஷர் முள் அறுபதுக்குக் கீழே இறங்கினால் ஆட்டம் முடிந்தது. நிரஞ்சனா அவன் கற்றுக்கொடுத்தபடியே போட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக, எங்கே வெளுக்கிறதோ அங்கே, கதவைத் திறந்த கையோடு மூடி. வேறு யார் போட்டிருந்தாலும் அவன் பாய்லர் அவ்வளவு தூரம் போயிருக்காது. இருபத்திரண்டு மூட்டை இழுத்தது. சங்கத்தில் அதுவரை எதுவும் அவ்வளவு இழுத்ததில்லை.

அன்றைக்குக் கை கழுவும் இடத்தில் அவள் அவனிடம் தன் கவலையைச் சொன்னாள். தன் பாய்லரைக் கொட்டகையில் நிறுத்திவைத்து, காற்றை வேகமாக இழுக்கவிட்டு எரித்துப் பார்த்தாளாம். அறுபதைத் தாண்டி ஏறவே மாட்டேன் என்கிறதாம். கணக்கெல்லாம் சரியாக வருகிறது, எங்கே தப்பு என்று புரியவில்லை என்றாள். சரியாகிவிடும் என்று அவன் ஆறுதல் சொன்னான். அந்த வாரம் முழுக்கப் பகலில் நிம்மதியாகத் தூங்கினான்.

அடுத்த ஞாயிறு அவள் பாய்லருக்குச் சோதனை, கரண்டி அவன் கையில். அவன் தப்பாக எதுவும் செய்யவேண்டிய அவசியமே இல்லை. வழக்கம்போல் மெல்லிசாகப் போட்டால் போதும். நாலைந்து சுற்றில் அது தானாகப் படுத்துவிடும். வரும் வழியில் பஸ்ஸில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தான்.

வந்து பார்த்தால், மாணிக்கம் அந்தப் பாய்லருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, தகடுகளின் இணைப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். முடி அளவுக்குக்கூட எங்கும் பிசிறு இல்லை. இந்த மாதிரி வேலையைத் தான் இதுவரை பார்த்ததில்லை என்றார். கதிரேசன் பாய்லரைப் பற்றி அவர் சொன்னது, பரவாயில்லை, ஒழுகவில்லை என்பது மட்டும்.

மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரியைப் போட்டு மூட்டினார்கள். நெருப்பு பிடித்ததும் கதிரேசன் கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். செங்கல் வளைவு பழுத்துச் சிவந்திருந்தது. தீ அதன் கீழே போய், மடங்கி, பட்டுத்துணி உதறினாற்போல மேலே சுருண்டு ஏறியது. அவன் பாய்லரில் தீ அப்படிப் போவதில்லை. பார்க்க அழகாக இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

நிரஞ்சனா தள்ளி, காகிதப்பூத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கதிரேசன் கரிப்பெட்டிமேல் உட்கார்ந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் சங்கத்துப் பையன் ரியாஸ். நீளமான நெம்புகோலைப் பிடித்து வண்டியை ஓட்டுவது அவன் வேலை. முதல் சுற்று, மூட்டை குறைவு. கதிரேசன் மெல்லிசாகத்தான் போட்டான். மேட்டில் முள் எழுபத்தைந்தில் நின்றது.

எழுபத்தைந்து. அறுபது இல்லை.

சுமை குறைவு, அதனால்தான் என்று புத்தி சொன்னது. ஒருவேளை இது நன்றாக இருந்துவிட்டால் என்று வயிறு சொன்னது. புத்தி சொன்னதை அவன் கேட்டிருந்தால் அன்றைக்கே ஜெயித்திருப்பான்.

அதைத் தானே படுக்கவைத்துவிடுவது என்று முடிவு செய்தான். ஆனால் தண்ணீரில் அவன் கைவைக்க மாட்டான். தண்ணீர் குறைந்து நெருப்பறையின் கூரைத் தகடு காய்ந்தால், தகடு கிழிந்து கொதிநீராவி உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தில் அடிக்கும். எவ்வளவு பொறாமை இருந்தாலும் பாய்லர் வேலை பார்க்கிறவன் அதைச் செய்யமாட்டான். மேலும், தண்ணீர் மட்டம் கண்ணாடிக் குழாயில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். நெருப்பு அப்படியில்லை. அது கரி போடுகிறவன் கண்ணுக்கு மட்டும்தான்.

போட்டான். ஒரு கரண்டி போடவேண்டிய இடத்தில் நாலு. கதவுக்கு அடியில் மலைபோல் குவித்தான். சிவப்பு மறைந்தது, மஞ்சள் மறைந்தது, கதவைத் திறந்தால் கறுப்புக் குவியல் மட்டும்தான் தெரிந்தது. புகைபோக்கியில் பழுப்பாகப் புகை கிளம்பித் தோட்டத்தை மூடியது.

"அண்ணே, எஞ்சினுக்கு சாம்பிராணி போடறீங்களா?" என்றான் ரியாஸ், இருமிக்கொண்டே.

கரி ஈரம் என்று சொல்லிவிட்டு கதிரேசன் முள்ளைப் பார்த்தான். எழுபது. அறுபத்தெட்டு. அறுபத்தைந்து. தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிரஞ்சனா கட்டியிருந்த கையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. அவனுக்குள் ஏதோ ஒன்று இதமாக இறங்கியது. வெட்கமாக இல்லை. பசி அடங்கியதுபோல்தான் இருந்தது.

மேடு வந்தது. ரியாஸ் நெம்புகோலை முழுதாக இழுத்தான். எஞ்சின் பெருமூச்சு விட்டு, அடித்து அடித்து ஏறியது. நீராவி புகைபோக்கியில் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் கீழேயிருந்து காற்று கம்பித்தட்டு வழியாகப் பாய்ந்தது. முள் அறுபத்திரண்டில் நின்றது. நின்றதே தவிர இறங்கவில்லை. கதிரேசன் கதவைத் திறந்தான். கறுப்புக் குவியலில் சிவப்பு நரம்புகள் ஓட ஆரம்பித்திருந்தன. அவன் பார்க்கப் பார்க்க அவை மஞ்சளாகின. பிறகு குவியல் முழுவதும் உள்ளேயிருந்து வெளுத்து, கண் கூசுகிற வெள்ளையாகி, முகத்தில் அனலை அறைந்தது. கதவை மூடினான். முள் எழுபது. எண்பது. மேட்டின் உச்சியைத் தொடுவதற்குள் தொண்ணூறைத் தொட்டு, சேஃப்டி வால்வு திறந்துகொண்டு சீறியது.

அதுவரை மேட்டில் எந்த எஞ்சினும் நீராவி மிஞ்சி வால்வைத் திறந்ததில்லை.

அடுத்த சுற்றில் இன்னும் போட்டான். அடைத்தே தீருவது என்று போட்டான். அது தின்றது. மூட்டை கூடக்கூட எஞ்சின் பலமாக அடித்தது. பலமாக அடிக்க அடிக்கக் காற்று அதிகமாக இழுத்தது. காற்று இழுக்க இழுக்க அவன் கொட்டிய கரி அத்தனையும் வெள்ளைத் தீயானது. கொல்லப் போட்ட ஒவ்வொரு கரண்டியும் அதற்குச் சோறாகப் போய்ச் சேர்ந்தது. அவன் இதுவரை கரி போட்டதெல்லாம் அகல நெருப்பறைகளில். அவற்றில் இப்படிக் குவித்தால் அடியில் உருகிக் கட்டிதட்டிச் செத்துவிடும். ஆழமான நெருப்பறைக்கு ஆழமான நெருப்புத்தான் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. மெல்லிசாகப் போட்டால் வேகமான காற்று அதில் ஓட்டை போட்டு, சூடேறாமல் பச்சையாக உள்ளே புகுந்து, குழாய்களைக் குளிரவைத்துவிடும். கொட்டகையில் நிரஞ்சனாவுக்கு நடந்தது அதுதான். பாய்லரில் தப்பே இல்லை. அவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில்தான் தப்பு. இருபதாவது மூட்டையில் இது அவனுக்கு உறைத்தது. நேர்மையாகப் போட்டிருந்தால் அவன் ஜெயித்திருப்பான் என்பதும் அதோடு சேர்த்தே உறைத்தது.

மூட்டைக் கணக்கு இருபத்திரண்டைத் தாண்டியது. அப்புறம் மண்மூட்டைகளே தீர்ந்துபோயின. மாணிக்கம் தானே ஏறி உட்கார்ந்தார், தன் பாரத்துக்கு எத்தனை மூட்டை போட்டுக்கொள்ளலாம் என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தார். அவரையும் இழுத்துக்கொண்டு வால்வு சீறியபடியே மேடு ஏறியது எஞ்சின்.

சோதனை முடிந்தபின் செய்தவர் தொடலாம். நிரஞ்சனா வந்து முட்டி போட்டு, ஆணியை உருவிக் கம்பித்தட்டைக் கீழே இறக்கினாள். நெருப்பு பொத்தென்று மணலில் விழுந்தது. ஒரு பிடி விழவேண்டிய இடத்தில் ஒரு வாளி நெருப்பு. அவள் அதைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு வாளியை இழுத்து அந்த நெருப்பை அள்ளினாள்.

ஞாயிறு ஓட்டம் முடிந்தால் எல்லாரும் தேக்காவுக்குச் சாப்பிடப் போவது வழக்கம். போகிற வழியெல்லாம் வேனில் ரியாஸ் அவனைப் புகழ்ந்துகொண்டே வந்தான். ஒரே சுற்றில் அண்ணன் அந்த நெருப்பறையின் குணத்தைக் கண்டுபிடித்துவிட்டார், சாம்பிராணி என்று கிண்டல் பண்ணியதற்கு மன்னிக்கவேண்டும் என்றான். கதிரேசன் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தான்.

மற்றவர்கள் பிரியாணிக்கு வரிசையில் நின்றபோது, அவன் மேசையில் தனியாகக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். நிரஞ்சனா தன் தேநீரை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது இல்ல," என்றாள்.

"இல்ல."

"அடைச்சுக்கும்னு நெனச்சுப் போட்டியா?"

பொய் கைவசம் நிறைய இருந்தது. ரியாஸே ஒன்றைத் தயாரித்துக் கொடுத்திருந்தான். ஆனால் மணலில் விழுந்த நெருப்பை அவள் பார்த்துவிட்டாள். அதற்குமேல் பேசினால் அசிங்கம்.

"ஆமா," என்றான்.

அவள் கோப்பையைத் தட்டில் ஒரு சுற்றுச் சுற்றினாள். "போன வாரம் உன் பாய்லருக்கு நான் ஒழுங்கா போட்டேன், கதிர்."

"தெரியும்."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் பதிலுக்குச் சொல்லப் பதினைந்து வருடத்துப் பேச்சு அவனிடம் இருந்தது. அவள் திட்டவில்லை.

"எவ்ளோ ஆழம்?" என்று கேட்டாள்.

அவன் கோப்பியைப் பார்த்தான். இது ஒன்றுதான் அவனிடம் மிச்சம். இதைச் சொல்லாவிட்டால் அவள் பாய்லர் திரும்பவும் அறுபதில் போய் நிற்கும். பித்தளைத் தகடு அவள் பெயரில் இருக்கும், நீராவி இருக்காது.

"சொல்லாட்டி பரவால்ல லா," என்றாள் அவள். "விழுந்தத அளவு பாக்க வாளில அள்ளி வச்சிருக்கேன். கொஞ்ச நாள் எரிச்சுப் பாத்தா நானே கண்டுபிடிச்சிருவேன்."

கண்டுபிடித்துவிடுவாள். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் பாய்லரும் அவளுடையது, அதற்கு நெருப்புப் போடும் வித்தையும் அவளுடையது என்றாகிவிடும். அதையும் விட்டுக்கொடுக்க அவனால் முடியாது.

"கதவோட கீழ் விளிம்பு வரைக்கும்," என்றான். "பின்னாடி குவிச்சுக் கட்டணும். முன்னாடி தானா சரிஞ்சு போகும். கொஞ்சம் கொஞ்சமா கூட்டிப் பாக்காத, பாதி ஆழம்தான் ரொம்ப மோசம். ஆரம்பத்துல பிரஷர் விழும். பயந்துராத. மேடு வந்தா அதுவே பாத்துக்கும்."

அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். நன்றி சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

மாணிக்கமும் ரியாஸும் தட்டுகளோடு வந்து உட்கார்ந்தார்கள். தகடு நிரஞ்சனா பெயரில் என்று மாணிக்கம் அறிவித்தார்; அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் இன்றைய கை கதிருடையது, அதையும் சொல்லவேண்டும் என்று அவன் தோளில் தட்டினார். கதிரேசன் நிரஞ்சனாவைப் பார்த்தான். இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிராஞ்சிப் பக்கம் அவன் தலைவைத்துப் படுக்கமுடியாது.

"கதிர்தான் கண்டுபிடிச்சான், அங்கிள்," என்றாள். "எனக்கே தெரியாது."

அதில் பொய் இல்லை. உண்மையும் இல்லை. மன்னிப்பா, பிச்சையா, அலட்சியமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் அதைக் கொடுக்கிற இடத்தில் அவள் இருக்கிறாள், வாங்குகிற இடத்தில் தான் இருக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

"அப்ப அடுத்த மாசம் ஊர்ப் பிள்ளைங்கள வண்டியில ஏத்துற ஞாயித்துக்கிழமை நீயே கரி போட்டுருடா," என்றார் மாணிக்கம்.

அவள் பெயர் பொறித்த பாய்லருக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, ஊர்க் குழந்தைகளுக்கு முன்னால் அதைச் சீறவைப்பதா? அவனுக்கு நினைக்கவே கசந்தது.

"முடியாதுண்ணே," என்றான். "அதுக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி எனக்கு ஷிஃப்ட். விடியக்காலைலதான் முடியும்."

மாணிக்கம் உச்சுக்கொட்டினார். வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்து ரியாஸைப் பார்த்தார். ரியாஸ் தன் கோழிக்காலைப் பார்த்தான்.

"பரவால்ல அங்கிள், நானே போட்டுக்கறேன்," என்றாள் நிரஞ்சனா. "அந்தச் சட்டம் சோதனை அன்னிக்குத்தானே? இப்ப எனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."

தட்டிலிருந்த ஊறுகாயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே சொன்னாள். அவனைக் குத்துவதற்காகச் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. கதிரேசனுக்கு அந்தக் காட்சி கண்முன்னால் வந்து நின்றது. அவன் உட்காரும் கரிப்பெட்டியில் அவள். அவன் கரண்டி அவள் கையில். மேட்டு உச்சியில் வால்வு சீற, குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அவள் ஒருகையால் கதவை மூடுகிறாள்.

"வேணாம்," என்றான். "ஷிஃப்ட்ட மாத்திக்கறேன்."